பார்சலுக்குள் செங்கல்: 1736-லேயே திருச்சியில் நடந்த மெகா மோசடி! யார் இந்த சந்தா சாகிப்? பண்டிகை சீசனில் நாம் கத்துக்க வேண்டியது என்ன?

ஆன்லைனில் செல்போன் ஆர்டர் பண்ணினார், பார்சலைப் பிரித்தால் உள்ளே செங்கல். தீபாவளி, பொங்கல் ஆஃபர் சமயம் வந்தாலே இப்படி ஒரு செய்தியை நாம் பார்த்துவிடுகிறோம். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் இந்தச் செங்கல் மோசடி புதுசு இல்லை. கிட்டத்தட்ட 290 வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் ஒரு ராணிக்கு இதே மாதிரி அழகான துணியில் சுற்றிய ஒரு செங்கல் டெலிவரி ஆனது. அவர் இழந்தது செல்போனுக்குக் கொடுத்த பணம் இல்லை. ஒரு கோட்டை, ஒரு ராஜ்யம், கடைசியில் தன் உயிர்.

அந்த மோசடியைச் செய்தவர் பெயர் சந்தா சாகிப். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் கர்நாடகப் போர் பாடத்தில் படித்த அதே சந்தா சாகிப்தான். அதே மனிதர் 16 வருஷம் கழித்து, கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கத்தில், இதே மாதிரி ஒரு பொய்ச் சத்தியத்தை நம்பி உயிரை விட்டார்.

இந்தத் தீபாவளி, வைகுண்ட ஏகாதசி, பொங்கல் சீசனில் நம்ம பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவருடைய வாழ்க்கையை விட நல்ல பாடம் கிடைக்காது. வாங்க, முதலில் இருந்து பார்க்கலாம்.

யார் இந்த சந்தா சாகிப்?

இவருடைய இயற்பெயர் உசேன் தோஸ்த் கான். ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானின் மருமகன், திவானும் கூட. நவாப்பின் மகன் சப்தர் அலிக்கு மைத்துனர்.

தோஸ்த் அலி 1732-ல் நவாப் ஆனார். நவாப் ஆட்சி என்றாலும் சுற்றி இருக்கிற பாளையங்கள், நாயக்கர் அரசுகளிடம் இருந்து கப்பம் வசூலாக வேண்டும். அந்த வசூல் வேலையில் கெட்டிக்காரர் சந்தா சாகிப். படை நடத்தவும் தெரியும், பேசிக் காரியம் சாதிக்கவும் தெரியும். இரண்டாவதுதான் அவருடைய பெரிய பலம்.

மாமனாருக்குப் பிறகு நவாப் பதவி மைத்துனருக்குத்தான் போகும். மருமகனுக்கு அதில் பங்கு இல்லை. அதனால் தனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று அவர் பார்த்தார். அப்போது கண்ணில் பட்டது திருச்சி.

அப்போது திருச்சியில் என்ன நிலைமை?

மதுரை நாயக்கர்களின் தலைநகரமாக அன்று இருந்தது திருச்சிதான். ராணி மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1706-ல் இருந்து ஆட்சி செய்தார். கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். ஸ்ரீரங்கம் கோயிலில் அவருக்கும் அரசிக்கும் இருக்கிற சிலைகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

1732-ல் அவர் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். ஆட்சிப் பொறுப்பு அவருடைய மனைவி ராணி மீனாட்சியிடம் வந்தது. நாயக்கர் குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவர் பங்காரு திருமலை நாயக்கர். அவருடைய மகன் விஜயகுமாரனை ராணி தத்து எடுத்துக்கொண்டு, அந்தச் சிறுவன் சார்பில் ஆட்சி நடத்தினார்.

இங்கேதான் பிரச்னை தொடங்கியது. மகன் தத்துப் போனது போதாது, சிம்மாசனம் எனக்கே வேண்டும் என்று கிளம்பினார் பங்காரு திருமலை. கோட்டைக்குள்ளேயே இரண்டு அணி. சொந்தக்காரர்களுக்குள் சொத்துத் தகராறு என்று ஊரே பேசுகிற நிலை.

மோசடி செய்கிறவர்கள் தேடுவது இந்த மாதிரி வீட்டைத்தான். பணம் இருக்க வேண்டும், கூடவே பயமும் இருக்க வேண்டும்.

ஒரு கோடி ரூபாய் டீல்

1734-ல் ஆற்காட்டில் இருந்து ஒரு படை தெற்கே வந்தது. தலைமை சப்தர் அலி, கூட சந்தா சாகிப். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய நேரத்தில், உள்ளூர் சண்டைக்காரர்கள் இருவருமே அவர்களிடம் உதவி கேட்டார்கள்.

முதலில் முந்தியது பங்காரு திருமலை. சிம்மாசனம் தனக்குக் கிடைக்க உதவினால் 30 லட்சம் ரூபாய் தருவதாகச் சப்தர் அலியிடம் பேசினார். சப்தர் அலி அவர் பக்கம் சாய்ந்துவிட்டு, மீதி வேலையைச் சந்தா சாகிப்பிடம் ஒப்படைத்து ஊர் திரும்பினார்.

ராணிக்குப் பதற்றம். எதிராளி முந்திவிட்டான், இன்று முடிவு எடுக்காவிட்டால் நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற அவசரம். அவரும் சந்தா சாகிப்பிடமே தூது அனுப்பினார். என் ஆட்சியைக் காப்பாற்றினால் ஒரு கோடி ரூபாய் என்பது பேச்சு. அன்றைக்கு ஒரு கோடி என்பது நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

ராணி ஏமாளி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெறும் வாய்ப்பேச்சை அவர் நம்பவில்லை. உத்தரவாதம் கேட்டார். உங்கள் மதத்தின் புனித நூலான குர்ஆன் மீது சத்தியம் செய்து தாருங்கள் என்றார். ஒரு மனிதர் தன் கடவுளின் பெயரால் கொடுக்கிற வாக்கை மீற மாட்டார் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் காலத்தில் அதை விடப் பெரிய ஆவணம் எதுவும் இல்லை. கிட்டத்தட்ட இன்றைய பத்திரப் பதிவு மாதிரி.

துணிக்குள் என்ன இருந்தது?

சந்தா சாகிப் சம்மதித்தார். தளவாய் மண்டபத்தில் சத்தியம் நடந்ததாகப் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. விலை உயர்ந்த துணி உறையில் சுற்றப்பட்டு ஒரு பொருள் கொண்டுவரப்பட்டது. எல்லோரும் பார்க்க அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார் சந்தா சாகிப்.

அந்த உறைக்குள் இருந்தது குர்ஆன் இல்லை, ஒரு செங்கல். இப்படித்தான் அந்தச் சம்பவம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு, 18, 19-ம் நூற்றாண்டு வரலாற்று எழுத்தாளர்களின் நூல்களிலும் ஏறியிருக்கிறது.

ராணி சரியான கேள்வியைத்தான் கேட்டார். உத்தரவாதமும் வாங்கினார். ஆனால் உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. புனித நூல் என்று கொண்டுவந்து வைத்த ஒன்றைப் பிரித்துக் காட்டு என்று கேட்பது மரியாதை இல்லை என்று தோன்றியிருக்கலாம். அந்தத் தயக்கத்தைத்தான் சந்தா சாகிப் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

இன்றைக்கு நம்ம போனில் வருகிற செங்கற்களுக்கும் இதே மாதிரி உறைகள் உண்டு. வங்கியின் லோகோ, போலீஸ் யூனிஃபார்ம் போட்ட டிபி, கோயில் கோபுரப் படம் போட்ட இணையதளம், அரசு முத்திரை அச்சடித்த பிடிஎஃப். நாம் மரியாதை வைத்திருக்கிற ஒன்றை வெளியில் சுற்றிவிட்டால், உள்ளே என்ன என்று நாம் கேட்க மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வருகை: உள்ளே இருந்து திறந்த கதவு

முதல் தடவை சந்தா சாகிப் பெரிய சேதம் எதுவும் செய்யவில்லை. பேச்சை முடித்துக்கொண்டு ஆற்காடு திரும்பினார். ராணிக்கு நம்பிக்கை கூடியது.

1736-ல் மறுபடி வந்தார். இந்தத் தடவை நண்பராக வருகிறார் என்பதால் கோட்டைக் கதவு திறந்தது. அவரோடு படையும் உள்ளே வந்தது.

திருச்சிக் கோட்டை லேசுப்பட்ட கோட்டை இல்லை. சுற்றிலும் மதில், அகழி, நடுவில் மலைக்கோட்டை. பின்னால் வந்த பெரிய பெரிய படைகளும் இதன் வெளியே மாதக்கணக்கில் முற்றுகை போட்டுக் காத்திருந்தன. அப்படிப்பட்ட கோட்டைக்குள் சந்தா சாகிப் ஒரு பீரங்கிக் குண்டு கூட வீணாக்காமல் நுழைந்தார். ஏனென்றால் கதவைத் திறந்தது உள்ளே இருந்தவர்கள்.

ஓடிபி சொல்வதும், யாரோ அனுப்பிய ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் பண்ணுவதும், ஸ்கிரீன் ஷேர் கொடுப்பதும் இதே வேலைதான். வங்கியின் பாதுகாப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும், உள்பக்கத் தாழ்ப்பாள் நம்ம கையில்தான் இருக்கிறது.

அந்த முதல் வருகைக்கும் இன்று ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் இருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று வருகிற மோசடிகளில் முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே நம்ம கணக்கில் விழும். அது அவர்கள் போடுகிற தூண்டில் புழு. அடுத்த தடவைதான் கோட்டை.

ராணிக்கு என்ன ஆனது?

உள்ளே நுழைந்த சந்தா சாகிப் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கையில் எடுத்தார். படை, கஜானா, நிர்வாகம் எல்லாம் போனது. பங்காரு திருமலையின் படையைத் திண்டுக்கல் பக்கம் தோற்கடித்தார். அவர் சிவகங்கைப் பக்கம் தப்பி ஓடினார். தன் சகோதரர்களை மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பொறுப்பாக வைத்தார் சந்தா சாகிப்.

ராணி மீனாட்சி தன் அரண்மனையிலேயே கைதி ஆனார். யாரிடம் போய்ச் சொல்வது? சொந்தக்காரரோடு ஏற்கெனவே பகை. உதவிக்குக் கூப்பிட்டவரே பகைவர். தான் கூப்பிட்டுத்தான் இவ்வளவும் நடந்தது என்ற வேதனை வேறு. கடைசியில் அவர் விஷம் குடித்து உயிரை விட்டார்.

கிட்டத்தட்ட 200 வருஷம் நடந்த மதுரை நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் முதலில் செய்வது, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. படித்தவன் நானே ஏமாந்துட்டேனே, வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். ஏமாந்தது குற்றம் இல்லை, ஏமாற்றியதுதான் குற்றம். பணம் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் ராணியைப் போல அந்த அறைக்குள் தனியாக உட்கார வேண்டிய அவசியம் இன்று யாருக்கும் இல்லை.

ஏமாந்த பிறகு இன்னொரு ஏமாற்றம்

தப்பி ஓடிய பங்காரு திருமலை சும்மா இருக்கவில்லை. மராத்தியர்களிடம் உதவி கேட்டார். ஆற்காடு ஆட்களால் பாதிக்கப்பட்ட மற்றவர்களும் கேட்டார்கள். ரகுஜி போன்ஸ்லே தலைமையில் மராத்தியப் படை வந்தது. 1740 மே மாதம் தாமல்செருவு கணவாயில் நடந்த போரில் நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். அடுத்து திருச்சி முற்றுகை. 1741 மார்ச்சில் கோட்டை விழுந்தது. சந்தா சாகிப் கைதியாகிச் சதாராவுக்குக் கொண்டு போகப்பட்டார்.

சரி, பங்காரு திருமலைக்குச் சிம்மாசனம் கிடைத்ததா? இல்லை. மராத்தியர்கள் திருச்சியை முராரி ராவிடம் ஒப்படைத்தார்கள்.

பறிபோனதை மீட்டுத் தருகிறோம் என்று வருகிறவரும் தன் கணக்கோடுதான் வருவார். இன்று இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 5,000 ரூபாய் சார்ஜ் கட்டுங்க என்று வாட்ஸ்அப்பில் வருகிற வக்கீல், சைபர் நிபுணர், அதிகாரி எல்லாம் இதே ரகம். ஒரு தடவை ஏமாந்தவர்களின் நம்பரைத்தான் இவர்கள் குறிவைப்பார்கள்.

கைதியில் இருந்து நவாப் வரை

சந்தா சாகிப் சுமார் ஏழு வருஷம் மராத்தியர்களிடம் சிறையில் இருந்தார். அவருடைய குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பில் இருந்தது. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போக உதவியவர் அவர். அந்த நன்றியும் இருந்தது, அவரால் ஆக வேண்டிய காரியமும் இருந்தது. புதுச்சேரி கவர்னர் டூப்ளே, மராத்தியர்களுக்குப் பணம் பேசி அவரை வெளியே கொண்டுவர உதவினார்.

வெளியே வந்தவர் வேகமாக எழுந்தார். ஐதராபாத் நிஜாம் பதவிக்கு உரிமை கொண்டாடிய முசாபர் ஜங்குடனும் பிரெஞ்சுப் படையுடனும் சேர்ந்துகொண்டார். 1749 ஆகஸ்ட் 3-ல் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிப் நவாப் ஆனார். மாமனாரின் பதவி கடைசியில் மருமகனுக்கு வந்தது.

ஆனால் அன்வாருதீனின் மகன் முகமது அலி தப்பித்து ஒரு கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எந்தக் கோட்டை? அதே திருச்சிக் கோட்டை. ஒரு காலத்தில் சத்தியம் செய்து சுலபமாக நுழைந்த கோட்டையை இப்போது வெளியே நின்று முற்றுகையிட வேண்டிய நிலை சந்தா சாகிப்புக்கு. இந்தத் தடவை கதவைத் திறக்க யாரும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்ட நவாப்

சந்தா சாகிப்பின் படை திருச்சியில் இருந்தபோது, 1751-ல் ராபர்ட் கிளைவ் அவருடைய தலைநகரான ஆற்காட்டைப் பிடித்தார். மகன் ராசா சாகிப் 50 நாள் முற்றுகையிட்டும் மீட்க முடியவில்லை.

1752-ல் ஆங்கிலப் படை லாரன்ஸ், கிளைவ் தலைமையில் திருச்சிக்கே வந்தது. முகமது அலியின் பக்கம் மைசூர், தஞ்சை, முராரி ராவ் என்று எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கினார். பிரெஞ்சுப் படை திருவானைக்காவல் கோயிலிலும், சந்தா சாகிப்பின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் தங்கினார்கள். கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் முகாம் போட்டு, புதுச்சேரியில் இருந்து வரும் உதவியைத் தடுத்தார்.

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இரண்டு கரையிலும் எதிரி. சாப்பாடு குறைந்தது. கூட இருந்த படைகள் கலைந்தன. சந்தா சாகிப்புக்கு உடம்பும் சரியில்லை. ராணி மீனாட்சிக்கு 1734-ல் இருந்த அதே பயமும் அவசரமும் இப்போது அவருக்கு வந்தது.

அதே சத்தியம், அதே முடிவு

தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. தஞ்சைத் தளபதி மானோஜியிடம் பேசினார்கள். பெரிய தொகை தந்தால் பாதுகாப்பாக வெளியே அனுப்புகிறேன் என்று பேச்சு.

பிரெஞ்சுத் தளபதி லா எச்சரிக்கையாகத்தான் இருந்தார். பிணையாக முக்கியமான ஓர் ஆளை எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். மானோஜி மறுத்தார். ஏமாற்ற நினைத்தால் பிணை கொடுத்தும் ஏமாற்றலாம், ஆளை அனுப்பினால் ரகசியம் வெளியே தெரிந்து காரியம் கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பதிலாகத் தன் வாளின் மீதும் கட்டாரியின் மீதும் சத்தியம் செய்தார். ஒரு மராத்திய வீரனுக்கு அதை விடப் புனிதமான சத்தியம் இல்லை.

நம்பிக் கிளம்பினார் சந்தா சாகிப். பல்லக்கும் பாதுகாப்பு வீரர்களும் காத்திருப்பார்கள் என்று சொல்லப்பட்ட இடத்துக்கு இரவில் போனார். அங்கே அவர் ஒரு கூடாரத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டார். கையில் விலங்கு.

அவரை எங்களிடம் ஒப்படை என்று முகமது அலி, மைசூர், ஆங்கிலேயர் எல்லோரும் கேட்டார்கள். யாரிடம் கொடுத்தாலும் மற்றவர்களின் பகை. 1752 ஜூன் மாதம், மானோஜியின் உத்தரவில் சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. தலை முகமது அலிக்கு அனுப்பப்பட்டது.

அந்தக் கொலை நடந்தது, ராணிக்குச் சத்தியம் செய்த அதே தளவாய் மண்டபத்தில்தான் என்று பழைய நூல்கள் சொல்கின்றன.

இதில் மதம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தன் வேத நூலின் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினார். இன்னொருவர் தன் வாளின் பெயரை. இரண்டு பேருமே தங்கள் மக்கள் புனிதமாக மதித்த ஒன்றை உறையாகச் சுற்றினார்கள், அவ்வளவுதான்.

கதை அதோடும் நிற்கவில்லை. ஜெயித்தால் திருச்சிக் கோட்டையைத் தருகிறேன் என்று மைசூர் தளபதி நஞ்சராஜருக்கு முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்த பிறகு தரவில்லை. கோபத்தில் மைசூர் படை எதிரணிக்குப் போக, திருச்சியைச் சுற்றி இன்னும் இரண்டு வருஷம் சண்டை நடந்தது. ஒரே ஊரில் 16 வருஷத்தில் மூன்று பெரிய வாக்குறுதிகள், மூன்றுமே பொய்.

இந்தப் பண்டிகைக்கு நாம் என்ன செய்யணும்?

ராணி, பங்காரு திருமலை, சந்தா சாகிப், நஞ்சராஜர் என்று நான்கு பேர் விட்ட தவறுகளையும் சேர்த்துப் பார்த்தால், நமக்குத் தேவையான பாதுகாப்புப் பாடம் முழுசாகக் கிடைத்துவிடும்.

1. உறையைப் பிரிங்க: வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் வருவார்கள். அந்தச் சமயத்தில் தரிசன டிக்கெட், தங்கும் அறை என்று இணையத்தில் தேடும்போது மேலே வருகிற விளம்பரத்தை அப்படியே கிளிக் பண்ணாதீங்க. கோயில், அறநிலையத்துறையின் அதிகாரப்பூர்வ தளத்துக்கு நேராகப் போங்க. ஆன்மிகச் சுற்றுலா போகிறவர்களைக் குறிவைக்கும் போலி புக்கிங் தளங்கள் பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே எச்சரித்தது. லாட்ஜில் அறை என்றால், முன்பணம் அனுப்பும் முன் அந்த லாட்ஜின் நம்பரை வேறு வழியில் கண்டுபிடித்து ஒரு போன் போட்டுக் கேளுங்க.

2. பட்டாசு ஆஃபரா? உஷார்: ஆன்லைன் தளங்களில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது. சிவகாசி விலை, 80 சதவீதத் தள்ளுபடி, இன்றே கடைசி என்று இன்ஸ்டாவில் வந்தால், அந்த விற்பனையே சட்டப்படி கிடையாது என்பதை நினைவில் வைங்க. உரிமம் வாங்கிய கடைக்கு நேரில் போவதே சரி.

3. முதல் லாபத்தை நம்பாதீங்க: தீபாவளிச் சீட்டு, நகைச் சேமிப்பு எதுவாக இருந்தாலும் முதல் வருஷம் ஒழுங்காகத் தந்தார்கள் என்பது உத்தரவாதம் இல்லை. 2023 தீபாவளிக்கு முன்னால், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடையின் கிளைகள் பல ஊர்களில் மூடப்பட்டன. நகைத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவின் கதவைத் தட்டினார்கள். சீட்டு என்றால் 1982-ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பதிவுத்துறை அலுவலகத்தில் கேட்கலாம். பதிவு எண் கேட்டால் கோபப்படுகிற ஏஜென்டிடம் பணம் கட்ட வேண்டாம்.

4. ரகசியமா வெச்சுக்கோங்க என்றாலே நிறுத்துங்க: மானோஜி சொன்னதும் அதுதான், டிஜிட்டல் அரெஸ்ட் கும்பல் சொல்வதும் அதுதான். வீடியோ காலில் கைது என்று நம்ம சட்டத்தில் எதுவும் இல்லை. உங்க பெயரில் பார்சலில் போதைப்பொருள், வெளியே சொன்னால் கைது என்று மிரட்டினால் போனை வைத்துவிட்டு முதலில் வீட்டில் ஒருத்தரிடம் சொல்லுங்க. வயதான அப்பா, அம்மா, பாட்டிக்கு இதை நேரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க.

5. தாழ்ப்பாள் உங்க கையில்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் போடுவது பணம் அனுப்புவதற்கு. கிஃப்ட் விழுந்திருக்கு, ஸ்கேன் பண்ணி பின் போடுங்க என்றால் அது உங்க பணம் வெளியே போகிற வழி. பொங்கல் வாழ்த்து, கல்யாணப் பத்திரிகை என்று வருகிற ஏபிகே ஃபைலைத் தொடவே வேண்டாம்.

6. பார்சலை வீடியோ எடுங்க: விலை உயர்ந்த பொருள் என்றால் டெலிவரி செய்பவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து ஆர்டர் பண்ணுங்க. இல்லாவிட்டால் ஒட்டிய டேப்பைக் கிழிப்பதில் இருந்து வீடியோ எடுங்க. செங்கல் வந்தால் அதுதான் சாட்சி. விற்றவர்கள் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. ஏமாந்துட்டா உடனே 1930: இது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். ஸ்கிரீன்ஷாட், நம்பர், பணம் போன விவரம் எதையும் அழிக்காதீங்க. நாம் கிண்டலாகச் சொல்கிற 420, 2024 ஜூலையில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவாக மாறியிருக்கிறது. எண் மாறினாலும் ஏமாற்றுவது இன்றும் தண்டனைக்குரிய குற்றம்தான்.

பணத்தை இழந்து மனசு உடைந்துபோனவர்கள் தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம். ராணி மீனாட்சிக்கு அப்படி ஒரு குரல் இல்லை. நமக்கு இருக்கிறது.

இன்றும் திருச்சியில் இருக்கும் சாட்சிகள்

தீபாவளி பர்ச்சேஸுக்கு என்எஸ்பி ரோடு, தெப்பக்குளம் பக்கம் போகிறவர்கள் அப்படியே கொஞ்சம் நடந்தால் ராணி மங்கம்மாள் மண்டபத்தைப் பார்க்கலாம். நாயக்கர் அரண்மனையின் மிச்சம் அது. இப்போது அரசு அருங்காட்சியகம். சந்தா சாகிப்பின் கல்லறை நத்தர்வலி தர்காவில் இருக்கிறது. ஏமாந்த ராணியின் குடும்பத்து அரண்மனையும், ஏமாற்றி ஏமாந்தவரின் கல்லறையும் ஒரே ஊரில், மலைக்கோட்டையில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்.

அடுத்த தடவை போனில் ஒரு லிங்க்கோ, ஆஃபரோ, மிரட்டலோ வரும்போது வேறு எதுவும் ஞாபகம் வராவிட்டாலும் அந்தத் துணியைச் சுற்றிய செங்கல் ஞாபகம் வரட்டும். ஒரு நிமிஷம் நிறுத்தி, உள்ளே என்ன என்று பிரித்துப் பாருங்க. அப்படிக் கேட்டால் கோபப்படுகிறவர்கள் கொண்டுவந்தது பெரும்பாலும் செங்கல்தான்.